மரியம் பீவி வீட்டு ஜெனரேட்டர் டேங்க்

ஒழுகுகிற பெட்ரோல் டேங்கை அவசரத்துக்கு அடைப்பது எப்படி என்று புது மெக்கானிக் பிள்ளைகளுக்காக எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எனக்கு அது தெரியும். முப்பது வருஷம் காரைக்காலிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீட்டு ஜெனரேட்டர் பழுது பார்த்தவனுக்கு அது தெரியாமல் போனால்தான் வெட்கம். நாலு விதமாக அடைக்கத் தெரியும். அந்த நாலையும் நான் எழுதப்போவதில்லை. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். அடைக்கத் தெரிந்த ஒருவன் ஒரு வீட்டில் என்ன செய்துவைத்தான் என்பதை எழுதுகிறேன். அந்த ஒருவன் நான்தான். திட்டுவதாக இருந்தால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் நம் ஊர் சங்கதி ஒன்று. வெளியூரில் பயிற்சி முடித்து வந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் நம் ஊர் பெட்ரோல் பங்கில் விலை பக்கத்துத் தமிழ்நாட்டு மாவட்டத்தைவிடக் குறைச்சல். எல்லை தாண்டி வந்து அடித்துக்கொண்டு போகிறார்கள். அதனால் நம் ஜனங்களுக்குப் பெட்ரோல் விஷயத்தில் கொஞ்சம் தாராளம். மழைக்காலம் முடிந்து டேங்கில் பாதி மிச்சமிருந்தால் யாரும் வடித்து எடுக்க மாட்டார்கள். “கெடக்கட்டும், அடுத்த மழைக்கு ஆவும்” என்று ஒரு பழைய ரெக்சின் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். மார்கழியில் மூடிய மெஷினைப் புரட்டாசியில்தான் திறப்பார்கள். இப்போது எத்தனால் கலந்து வருகிற பெட்ரோல் ஈரத்தை இழுக்கிற சாமான். இழுத்த ஈரம் தண்ணீராக டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே தண்ணீர், வெளியே உப்புக் காற்று. இரண்டு பக்கமும் அரித்தால் அந்தத் தகடு என்ன செய்யும் பாவம்? அடிப்பக்கம், டேங்கின் மேல் தகடும் கீழ்த் தகடும் சேர்கிற விளிம்பில்தான் முதலில் விட்டுப்போகும். ஊசி முனை அளவுகூட இருக்காது. மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கையை அடியில் விட்டுத் தடவினால்தான் தெரியும்.

மரியம் பீவி அம்மாள் வீடு கோட்டுச்சேரி போகிற சாலையை ஒட்டிய தெருவில் இருந்தது. அந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நுரையீரல் கெட்டுப்போய்ப் படுக்கையோடு இருந்தார். தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் ராத்திரி பகல் ஓட வேண்டும். அது கரண்டில் ஓடுவது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். மகன் நிஜாம் துபாயில் வேலை பார்த்தார். மருமகள் பர்வீன்தான் மாமியாரைக் கவனித்துக்கொண்டது. கரண்டு போனால் அம்மாவின் மூச்சும் போய்விடும் என்று பயந்துதான் நிஜாம் அந்தச் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை வாங்கிக் கொடுத்திருந்தார். சீரியல் பார்ப்பதற்காக வாங்கிய மெஷின் இல்லை அது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு கார்த்திகை மாதம் புயல் அடித்தது. ஊர் முழுக்க மரமும் கம்பமும் சாய்ந்து கிடந்தன. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு நான் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தபோது பர்வீன் போன் செய்தாள்.

“மெக்கானிக்கண்ணே, ரெண்டு நாளா மெஷின் நல்லா ஓடுச்சு. இன்னைக்குக் காலையிலேர்ந்து ஒரே பெட்ரோல் வாடையா அடிக்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்.”

“இப்ப ஓடிக்கிட்டுத்தான் இருக்கா?”

“ஓடுதுண்ணே. மாமிக்கு அதுலதானே ஆக்சிஜன் போவுது.”

“இதோ வர்றேன்” என்று சொல்லி போனை வைத்தேன். பக்கத்தில் நெருப்பு இருக்கிறதா, எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்த போனிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்று நாளாகத் தூங்காத மூளை. அதெல்லாம் ஒரு சாக்குதான், விடுங்கள்.

முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தேன். புயலுக்குப் பிறகு ஜெனரேட்டர் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கேட்டைத் திறந்து வைத்துவிட வேண்டும். தெருவே போனை எடுத்துக்கொண்டு வந்துவிடும். யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டார்கள். பர்வீன் வீட்டுப் போர்ட்டிகோவில் அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் சொருகி, அதில் மூன்றாவதைச் சொருகி, தரையில் வரிசையாக இருபது போன், இரண்டு எமர்ஜென்சி விளக்கு. நடுவில் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மழைக்குப் பிறகு கொசு என்று யாரோ ஒரு மகராசன் நாற்காலிக்கு அடியில் கொசுவத்திச் சுருள் வேறு கொளுத்தி வைத்திருந்தான்.

கேட்டுக்கு வெளியிலேயே எனக்கு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. ஜெனரேட்டர் என்றால் இந்த வாடை வரும்தானே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டேங்கின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, எஞ்சின் மேல் பட்ட சொட்டு புஸ்ஸென்று ஆவியாகிக்கொண்டிருந்தது. மற்றது தரையில் ஓடி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஆபத்து என்று கத்தினால் நம் ஆட்கள் முதலில் என்ன செய்வார்கள்? ஓட மாட்டார்கள். போனைப் பிடுங்குவார்கள். கரண்டு ஓடுகிறபோது ஆளாளுக்கு இருபது ப்ளக்கையும் பிடுங்கினால் இருபது இடத்தில் பொறி. அதனால் நான் கத்தவில்லை. அதற்காக இன்றுவரை என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொள்கிறேன். அன்றைக்கு மெச்சிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

கும்பலில் எனக்குத் தெரிந்த முகம் செல்வராசு. மைக்செட் வாடகைக்கு விடுகிற ஆள், பக்கத்தில் கோட்டுச்சேரிமேட்டில் வீடு, அம்மாளை விசாரித்துப் போக வந்திருந்தான். அவனைப் பார்த்துச் சொன்னேன்.

“செல்வராசு, அந்தக் கொசுவத்தியைத் தட்டோட தூக்கி வெளில தண்ணில போடு. மெதுவா. கேள்வி கேக்காத.”

அவன் என் மூஞ்சியைப் பார்த்தான், சொன்னபடி செய்தான். பிறகு மற்றவர்களிடம் சொன்னேன்.

“எல்லாரும் எழுந்திரிச்சுத் தெருவுக்குப் போங்க. போனை யாரும் தொடாதீங்க. ப்ளக்குல கை வைக்காதீங்க. போன் எங்கயும் போயிடாது.”

“அண்ணே, என் போன் மட்டும் எடுத்துக்கிறேன், புள்ள கூப்புடும்” என்று ஒரு அம்மா குனிந்தது.

“தொட்டா எல்லாரும் சேந்து போய்ச் சேருவோம், பரவால்லயா?” என்றேன். கையை இழுத்துக்கொண்டது.

நான் ஜெனரேட்டரின் ஸ்விட்ச் பக்கம் போனேன். அதற்குள் பர்வீன் உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டாள்.

“அண்ணே, நிறுத்திடாதீங்க! மாமிக்கு மூச்சு மேல ஏறி நிக்குது. ஒரு நிமிஷம் இருங்க, சிலிண்டரை மாட்டிட்டு வந்துடுறேன். ஒரே நிமிஷம்!”

அவசரத்துக்கென்று ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் அந்த வீட்டில் இருந்தது. அதை மாட்டி, குழாயை மாற்ற அவளுக்கு ஒரு நிமிஷமாவது வேண்டும். கை நடுங்கினால் இரண்டு, மூன்று நிமிஷம். நியாயமான கோரிக்கைதானே? உள்ளே ஒரு உயிர். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள். என் வாயிலும் சரி என்றுதான் வந்தது.

ஆனால் கண் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாளால் எழுந்து நடக்க முடியாது. இது தீப்பிடித்தால் கேட்டுப் பக்கம் யாரும் உள்ளே வர முடியாது. மூச்சுத் திணறலுக்கு இரண்டு நிமிஷம் தாங்குவார். நெருப்புக்குத் தாங்க மாட்டார். இந்தக் கணக்கு என் தலையில் ஓட எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. அவள் கண்ணைப் பார்த்தபடியே ஸ்விட்சை அணைத்தேன்.

“பாவி!” என்றாள். பாவி என்றுதான் சொன்னாள், அதை அப்படியே எழுதுகிறேன். பிறகு உள்ளே ஓடினாள். மெஷின் சத்தம் நின்ற அந்த வீட்டில் ஆக்சிஜன் மெஷினின் எச்சரிக்கை மணி மட்டும் கீ என்று கத்திக்கொண்டிருந்தது. அதோடு, “மாமி, இந்தா மாமி, இந்தா போட்டுட்டேன், இழுங்க, இழுங்க மாமி” என்று பர்வீனின் குரல். நான் போர்ட்டிகோவில் நின்றுகொண்டு உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் அதைக் கேட்டேன். அந்த நேரம் என் வாழ்நாளில் நீளமான நேரம். கடைசியில் சிலிண்டர் திறக்கிற ஸ்ஸ் சத்தம் வந்தது.

கரண்டு இல்லை என்றான பிறகு ப்ளக்குகளை நானே பிடுங்கினேன். எதிர் வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலைத் தண்ணீருக்கு மேலிருந்த குவியலிலிருந்து வாரி வந்து தரையில் போட்டார்கள். டேங்கில் மிச்சமிருந்ததைக் கேனில் வடித்துக் கொல்லைப்புறம் தள்ளி வைத்தேன். சிலிண்டரின் மீட்டர் முள் எதில் இருக்கிறது என்று உள்ளே பார்த்துக் கேட்டேன். முள் பாதிக்குக் கீழே இருந்தது. டாக்டர் சொன்ன அளவில் வைத்தால் முக்கால் மணி வரும் என்றாள் பர்வீன். ஆம்புலன்சுக்கு போன் போட்டார்கள். சாலை முக்கில் மரம் விழுந்து கிடக்கிறது, அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், வண்டி வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று பதில் வந்தது.

ஆக முக்கால் மணிக்குள் எங்கிருந்தாவது கரண்டு வேண்டும். நான் டேங்குக்கு அடியில் தலையை விட்டு ஓட்டையைப் பார்த்தேன்.

அங்கே பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்து, வெடித்து, பாதி உதிர்ந்து, மீதி பாதியில் ஒரு கட்டைவிரல் தடம். துணி துவைக்கிற பார் சோப்பு. தடம் என்னுடையது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், புரட்டாசியில், மழைக்கு முன்னால் சர்வீஸ் பண்ண அந்த வீட்டுக்கு வந்திருந்தேன். டேங்கின் விளிம்பில் ஈரக் கசிவு தெரிந்தது. புது டேங்க் போட வேண்டிய கேஸ். கைவசம் இல்லை. திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது, சனிக்கிழமைக் கூட்டம், உடனே வா என்று போன் மேல் போன். பர்வீனிடம் சோப்பு ஒரு துண்டு வாங்கி, கசிகிற இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். கசிவு நின்றது. அடுத்த வாரம் புது டேங்கோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நம் தொழிலில் இதைச் செய்யாத ஆள் யாராவது உண்டா? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். சோப்பு பெட்ரோலில் சட்டென்று கரையாது. நன்றாகவே பிடிக்கும். ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும் என்று நினைத்து வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்கித் தொலைக்கும். அதுதான் அதன் கெட்ட குணம். வீட்டுக்காரருக்கும் மறந்துவிடும், நமக்கும் மறந்துவிடும். அப்புறம் புயல் வருகிறது என்று செய்தி வந்ததும் புதுப் பெட்ரோலை விளிம்பு வரைக்கும் ஊற்றி, மூன்று நாள் விடாமல் ஓட்டினால், அந்த அதிர்வுக்கும் சூட்டுக்கும் சோப்பு எத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருக்கும்?

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கதையில் எனக்கே வெட்கமான இடம். ஓட்டை என்னுடையது என்று தெரிந்த நிமிஷத்தில் எனக்கு மரியம் பீவி அம்மாள் மறந்துபோனார். இந்த மெஷினை இப்போதே ஓட வைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் மண்டையில் நின்றது. டேங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு சின்ன கேனை மேலே கட்டித் தொங்கவிட்டு, ஒரு ரப்பர் குழாயில் கார்புரேட்டருக்கு நேராகப் பெட்ரோல் கொடுத்தால் எஞ்சின் ஓடும். பத்து நிமிஷ வேலை. முன்பு வயல்காட்டில் பம்புசெட்டுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். மெஷின் ஓடிவிட்டால் யாரும் அடியில் தலையை விட்டுப் பார்க்க மாட்டார்கள். டேங்கை நானே கையோடு எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

பையிலிருந்து குழாயை எடுத்து, கேனுக்குக் கம்பி சுற்றவும் ஆரம்பித்துவிட்டேன். செல்வராசு பக்கத்தில் நின்று, “அண்ணே, கீழ இன்னும் ஈரம் காயலயே, ஸ்டார்ட் பண்ணலாமா?” என்றான்.

“மணல் போட்டாச்சுல்ல, ஒண்ணும் ஆவாது. எனக்குச் சொல்லிக் குடுக்குறியா நீ?” என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. மணல் போட்டாச்சு, ஒண்ணும் ஆவாது. இதே குரலில்தான் சோப்பைத் தேய்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். மண்டியிட்ட இடத்தில் என் பேண்டில் பெட்ரோல் ஊறியிருந்தது. சுவர், தரை, காற்று எல்லாம் அந்த வாடைதான். அதற்கு நடுவில், ஆட்டம் போடுகிற மெஷினுக்கு மேல், கம்பியில் ஒரு கேன் பெட்ரோலைத் தொங்கவிடப் போகிறேன். உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர் திறந்திருக்கிறது. அட மடையா என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தப்பை மூடுவதற்கு அடுத்த தப்பு. அதுவும் யார் உயிரை வைத்து?

குழாயைக் கீழே போட்டேன். உள்ளே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

“பர்வீன், இந்த மெஷின் இன்னைக்கு ஓடாதும்மா. வேற மெஷினைக் கொண்டாந்தாலும் இந்த வீட்டுல இப்ப ஓட்டக் கூடாது. அம்மாவை வெளில கொண்டு போவணும்.”

அதைச் சொன்ன பிறகு மனசு தெளிந்துவிட்டது. வேலை நேராக நடந்தது. செல்வராசு வீட்டில் மைக்செட்டுக்கு வைத்திருக்கிற ஜெனரேட்டர் நல்ல நிலையில் இருந்தது. அதைத் தூக்கி வருவதா, அம்மாளைத் தூக்கிப் போவதா என்று ஒரு பேச்சு வந்தது. மெஷினைத் தண்ணீரில் தூக்கி வந்து நனைந்தால் ஓடாது, அம்மாள் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம் என்றேன். பர்வீன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“தூக்குங்க” என்றாள். “கொல்லைப் பக்கமா போவோம், முன்னாடி வேணாம்.” நான் சொல்வதற்கு முன்பே அவள் சொன்னாள்.

செல்வராசு முன்னால் ஓடினான். போனுக்கு சார்ஜ் போட வந்தவர்களில் நாலு பேர் மரியம் பீவி அம்மாளைக் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மேலே ஒரு பாலித்தீன் விரிப்பைப் போர்த்தித் தூக்கினார்கள். சிலிண்டரைப் பர்வீன் தண்ணிக்குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆக்சிஜன் மெஷின் ஒருவர் தலையில். போனைத் தொடாதே என்று நான் மிரட்டிய அந்த அம்மா பக்கத்தில் நடந்து, பர்வீனுக்கு முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தது. வழியில் ஒரு பூவரச மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. நாற்காலியை இந்தப் பக்கம் நாலு பேர் தூக்க, அந்தப் பக்கம் நாலு பேர் வாங்கினார்கள். குழாய் ஒரு கிளையில் மாட்டி மூக்கிலிருந்து கழன்றுவிட்டது. “யா அல்லாஹ்” என்று பர்வீன் அதைப் பிடித்து மறுபடி மாட்டினாள். மரியம் பீவி அம்மாளின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

செல்வராசு வீட்டை அடைந்தபோது முள் சிவப்பைத் தொட்டிருந்தது. அவன் ஜெனரேட்டரை வாசலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் தயாராக வைத்து, கயிற்றை இழுக்கக் கையில் பிடித்திருந்தான்.

“நில்லு” என்றேன்.

“அண்ணே, முள் சிவப்புலண்ணே!”

“இழுத்துடாத. நில்லு.”

குனிந்து டேங்குக்கு அடியில் கையை விட்டேன். விளிம்பு முழுக்கச் சுற்றி, பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப் வரை, குழாய் வரை, விரலால் தடவினேன். பின்னால் யாரோ, “இந்த ஆளுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அந்தம்மா சாவுது, இவர் தடவிக்கிட்டு இருக்கார்” என்று கத்தினார்கள். கத்தட்டும். விரலை எடுத்து மோந்து பார்த்தேன். உலர்ந்திருந்தது.

“இப்ப இழு.”

இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஆக்சிஜன் மெஷினுக்கு உயிர் வந்து, சூடேறி, காற்றுக் கொடுக்கச் சில நிமிஷம் ஆகும். அந்தச் சில நிமிஷத்துக்குச் சிலிண்டர் போதுமானதாக இருந்தது, நூலிழையில். குழாயை மாற்றினார்கள். செல்வராசின் மனைவி சுடுதண்ணீர் வைத்துக் கொண்டுவந்து அந்த அம்மாளின் காலைத் துடைத்துவிட்டது. உதட்டில் மெதுமெதுவாக நிறம் ஏறியது. கால் மணி கழித்து மரியம் பீவி அம்மாள் வாயைத் திறந்து முதலில் கேட்டது இதுதான்.

“எல்லார் போனும் சார்ஜ் ஏறிடுச்சா?”

அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்தால் கையெல்லாம் பெட்ரோல், கண் எரிந்து தொலைத்தது.

கொஞ்ச நேரத்தில் துபாயிலிருந்து நிஜாம் பேசினார். பர்வீன் ஸ்பீக்கரில் போட்டாள். அம்மாவின் குரலைக் கேட்டு அந்தப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. பிறகு என்னிடம் பேசியது.

“அண்ணே, நீங்க மட்டும் அந்த நேரத்துக்கு வரலைன்னா எங்கம்மா இல்லண்ணே. இந்த உபகாரத்தை நான் மறக்கவே மாட்டேன்.”

சுற்றி இருபது பேர். எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பெருமையாகப் பார்க்கிறார்கள். சும்மா இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

“தம்பி, நன்றியெல்லாம் சொல்லாதீங்க” என்றேன். “அந்த டேங்க் ஒழுவுதுன்னு எனக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே தெரியும். சோப்பைத் தேய்ச்சு அடைச்சுட்டு, புது டேங்க் கொண்டாறேன்னு சொல்லிட்டுப் போனேன். மறந்துட்டேன். இன்னைக்கு நடந்தது என்னாலதான்.”

யாராவது வைது தீர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பர்வீன்தான் பேசினாள். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கொடுமை.

“எனக்குத் தெரியும்ண்ணே. அந்தச் சோப்பு வெடிச்சிருந்ததை நான் பாத்தேன். புயலுக்கு முன்னாடி பெட்ரோல் ஊத்துறப்ப மாமிகூட கேட்டாங்க, வேற மெக்கானிக் யாரையாச்சும் கூப்புடுவோமான்னு. நான்தான் வேணாம்னேன். அண்ணன் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னேன்.”

அவளுக்கு என்மேல் இருந்த நம்பிக்கைதான் அந்த வீட்டுக்கு வேறு மெக்கானிக்கை வரவிடாமல் தடுத்திருக்கிறது. சோப்பு அடைத்தது பெட்ரோலை மட்டும் இல்லை.

மரம் அறுத்து வழி விட்டதும் ஆம்புலன்ஸ் வந்து அம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நல்லபடியாகத் திரும்பி வந்தார். புது டேங்கை அடுத்த வாரமே கொண்டுபோய்ப் போட்டேன், மெஷினையும் போர்ட்டிகோவிலிருந்து கொல்லைப்புறம் திறந்த கொட்டகைக்கு மாற்றினேன். பர்வீன் டீ போட்டுக் கொடுத்தாள். அதைக் குடிக்க எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது.

அது முடிந்த அன்று மத்தியானம் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். இந்த மாதிரி இன்னும் எத்தனை வீட்டில் “அடுத்த வாரம் வர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்? ஒவ்வொரு தெருவாக நினைத்துப் பார்த்து ஒரு அட்டையில் எழுதினேன். ஏழு வீடு தேறியது. ஏழில் ஒருவரும் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கவில்லை. அதுவரைக்கும் அதை என் வேலையின் சுத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. வந்த போனுக்கெல்லாம் இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். முதலில் நெடுங்காட்டில் ஒரு விவசாயி வீடு. மெஷின் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. நான் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என் தலையைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“மெஷின் நல்லாத்தானேப்பா ஓடுது? நாங்க கூப்புடலையே. எதுக்கு வந்தே?”

“வர்றேன்னு சொல்லிட்டுப் போனேங்க” என்று சொல்லிவிட்டு, டேங்குக்கு அடியில் கையை விட்டேன்.